நாலந்தா விலாசத்துக்குப் போன கடிதம்

லோகா மிஸ் இறந்த செய்தி என் கைத்தொலைபேசிக்கு ஒரு படமாக வந்தது. குத்துவிளக்கும் ரோஜாப்பூவும் போட்ட படம். பழைய தபால் உத்தியோகத்தர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். நான் பலாபத்வலயில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். வெயிலில் எழுத்து தெரியவில்லை. ஒரு கடையோரம் ஒதுங்கி, கையால் மறைத்துக்கொண்டு வாசித்தேன். "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்த செல்வி லோகநாயகி அவர்கள் காலமானார்" என்றிருந்தது.

சிறிது காலமா? ஒன்பது வருடம் ஐயா, ஒன்பது வருடம்! இடுப்புக்குக் கீழே பாதி உணர்ச்சியோடு, கட்டிலிலும் சக்கர நாற்காலியிலுமாக ஒன்பது வருடம் கிடந்த ஒரு மனுசிக்கு இப்படி எழுத எந்தக் கைக்கு மனம் வந்தது? கீழே நாற்பது பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் அவரைப் போய்ப் பார்த்தவர்களை எண்ண ஒரு கையில் உள்ள விரல்களே மிச்சம். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

ஒரு கிழமை கழித்து அவருடைய தங்கை கல்யாணி பேசினாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறார்களாம். "அண்ணா, நீங்க நல்லா எழுதுவீங்க. அக்காகூட ஒண்ணா வேல செஞ்சவரு. ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. ஆனா அந்த வருத்தத்தப் பத்தி மட்டும் ஒண்ணும் போட்றாதீங்க. எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு, தெரியுந்தானே?" தெரியும். மூத்தவளுக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்காக இப்போதே ஒரு நோயின் பெயரை மறைக்கிறார்கள். நான் சரி என்று சொல்லி வைத்தேன்.

ஆனால் எழுதத்தான் போகிறேன். மலரில் போட வேண்டாமென்றால் வேறு எங்காவது வரட்டும். லோகா மிஸ்ஸுக்கு வந்தது முள்ளந்தண்டில் காசநோய். ஊர்ப்பேச்சில் சொன்னால் முதுகெலும்பில் டிபி. இதோ எழுதிவிட்டேன், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. இன்னொன்றும் எழுத இருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம். அவரிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். முதல் பொய்யால் அவர் கால்கள் போயின. இரண்டாவதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எட்டு வருடம் இருந்தும் எடுக்கவில்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்கு முன்னால் இப்போது எடுக்கலாமென்று பார்க்கிறேன்.

எங்கள் தபாலகம் எது என்று இங்கே எழுதமாட்டேன். மாத்தளைப் பக்கம் என்றால் போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வடக்கே ஏ-ஒன்பது வீதியில் உள்ள நாலந்தா போன்ற சின்னத் தபாலகங்களின் பைகள் எங்களிடம் வந்து, பிரிந்து, கண்டிப் பக்கம் போகும். உள்ளே, தரம் பிரிக்கும் பெட்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு மேசை. ஆள் கிடைக்காமல் திரும்பி வரும் கடிதங்கள் அந்த மேசைக்கு வரும். அதற்குப் பெரிய வேலை ஒன்றுமில்லை. பின்பக்கம் திகதி முத்திரை குத்தி, ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிட வேண்டியதுதான். முப்பது கடிதத்துக்குக் கால் மணி நேரம் போதும். லோகா மிஸ் அதற்கு ஒன்றரை மணி நேரம் எடுப்பார்.

ஏனென்றால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பார். பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். குவைத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அம்மா செல்லாயி, கோயிலுக்குப் பக்கத்து லயம், மாத்தளை.' அவ்வளவுதான் விலாசம். மாத்தளை மாவட்டத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் தொழிலாளர் லயம் இல்லாத தோட்டம் எது? பின்பக்கத்தில் 'மகள் சுமதி' என்று மட்டும் இருந்தது. மிஸ் அதை மேசை லாச்சியை இழுத்து உள்ளே வைத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து கவுண்டருக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து, "சுமதின்னு ஒரு புள்ள குவைத்துக்குப் போயிருக்கா ஒங்க பக்கம்?" என்று கேட்டார். பதினேழாம் நாளோ என்னவோ செல்லாயி வந்து நின்றாள். மகளிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதமில்லையாம், அழுதாள். "அழாதீங்கம்மா. கடிதம்னா வரும். வராம எங்க போகப்போகுது?" என்றார் மிஸ்.

இந்த 'வராம எங்க போகப்போகுது' அவர் வாயில் நாளுக்கு நாலு தரம் வரும். கவுண்டரில் வந்து கத்துகிறவர்களுக்கும் அதுதான் பதில். இன்னொரு பேச்சு என்னைப் பார்த்துச் சொன்னது. நான் ஒரு நாள் அவசரத்தில் ஒரு கட்டுக் கடிதத்துக்கு மளமளவென்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தினார். "ரிஸ்வி தம்பி, கையெழுத்துப் போட்டா நான் பாத்தேன்னு அர்த்தம். பாக்காம போட்டா அது கையெழுத்தில்ல, கிறுக்கல்." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். தபால் அதிபர் அவரைப் பற்றி மேலிடத்துக்கு 'வேகம் போதாது' என்று அறிக்கை எழுதினார். அதே மனிதர் மரண வீட்டில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு 'கடமையின் சிகரம்' என்று பேசினார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

முதுகுவலி எப்போது தொடங்கியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. பைகளைத் தூக்குகிற வேலையில் முதுகு வலிக்காத ஆள் யார்? முதலில் கதிரையில் ஒரு தலையணை வைத்துக்கொண்டார். பிறகு சுவரோடு சாய்ந்து நின்றபடி கடிதம் பார்த்தார். பின்னேரமானால் உடம்பு சுடும். புடவை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்திக்கொண்டு வந்தார். டவுனில் ஒரு டாக்டர் மாதக்கணக்கில் வலி ஊசியே போட்டுக்கொண்டிருந்தார். சும்மா சொல்லக்கூடாது, நானும் என் பங்குக்கு நாட்டு வைத்தியம் செய்கிற ஒரு சிங்கள வெதமாத்தயாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் வாப்பாவின் முழங்காலைச் சுகப்படுத்தியவர். அவர் எண்ணெய் போட்டு உருவி, பற்றுப் போட்டுக் கட்டிவிட்டார். உருவும்போது முதுகின் நடுவில் ஒரு எலும்பு மேடாகத் தட்டுப்பட்டது என்று மிஸ் பிறகு சொன்னார். அந்த மேட்டைத்தான் வெதமாத்தயா மூன்று நாள் அழுத்தி உருவினார்.

இருமலே இல்லாத ஒருவருக்கு டிபி என்று நாங்கள் எப்படி நினைப்போம்? எங்களுக்குத் தெரிந்த டிபி நெஞ்சில் வருவது, இரத்தம் துப்புவது. ஸ்கேன் எடுத்த அன்றைக்கு மிஸ் நேரே அலுவலகத்துக்கு வந்தார். தரம் பிரிக்கும் பெட்டிகளுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டார்.

"முள்ளந்தண்டுல டிபியாம் தம்பி. ரெண்டு எலும்பு அரிச்சுப்போய் உள்ளுக்கு இடிஞ்சிருச்சு. அதுல சீழ் கட்டி நரம்ப நெருக்குதாம்."

"டிபியா? மிஸ், நீங்க இருமக்கூட மாட்டீங்களே!"

"அதத்தான் நானும் கேட்டேன். அது இருமாமலே வருமாம். கேட்டு வாங்கின மாதிரி எனக்குன்னு வந்திருக்கு."

கண்டியில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் நல்ல மனிதர். ஒரு கடதாசியில் படம் போட்டுக் காட்டினாராம். மிஸ் அந்தக் கடதாசியைக் கொண்டுவந்து எனக்கும் காட்டினார். மருந்திலேயே நிறையப் பேருக்குச் சுகமாகிவிடும். ஆனால் மருந்து கிருமியைத்தான் கொல்லும், இடிந்த எலும்பை அது நிமிர்த்தாது. இவருக்குச் சீழை எடுத்து, அழுகின எலும்பைச் சுரண்டி, விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி முட்டுக் கொடுத்து, முதுகில் கம்பியும் ஆணியும் பூட்ட வேண்டும். முதலில் மாத்திரை தொடங்கட்டும். கம்பியும் தியேட்டரும் ஒழுங்கானதும் திகதி போட்டுக் கடிதம் வரும். செய்தால் நடந்து வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லியிருக்கிறார்.

எல்லாம் சரி, கடிதம் எந்த விலாசத்துக்கு வருவது? அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. மற்றவர்கள் என்றால் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் தபால்காரர்கள். எந்த உறை எங்கிருந்து வருகிறது, மூலையில் என்ன முத்திரை, உள்ளே என்ன இருக்கும் என்று தொட்டாலே எங்களுக்குத் தெரியும். மிஸ்ஸின் வீடு எங்கள் தபாலகத்து எல்லைக்குள். கண்டி ஆஸ்பத்திரியிலிருந்தோ மார்பு நோய் நிலையத்திலிருந்தோ ஒரு உறை வந்தால் பையைப் பிரிக்கும் இடத்திலேயே ஆறு பேர் பார்ப்பார்கள். பின்னேரத்துக்குள் மாத்தளை முழுக்கப் போய்விடும். கல்யாணிக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மிஸ்ஸின் கைத்தொலைபேசியையும் வீட்டில் கல்யாணிதான் எடுப்பாள், அவளுக்கே இன்னும் சொல்லவில்லை. அதனால் தொலைபேசி இலக்கம் கேட்ட இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டார்.

"வேற தபாலகத்து எல்லையில ஒரு விலாசம் வேணும் தம்பி" என்றார்.

நான் உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை. "நாலந்தாவில எங்க ராத்தா வீடு ஈக்கு மிஸ். என் வீடு மாதிரித்தான். அதக் குடுங்க." ராத்தா என்றால் என் அக்கா. அவள் புருசன், என் மச்சான், அங்கே வீதியோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. ஒரே விலாசம். எத்தனையோ ஆயிரம் பேருக்குச் சரியான விலாசத்தைத் தேடிக் கொடுத்த மனுசி, தன் பெயருக்குக் கீழே என் மச்சானின் கடை விலாசத்தை எழுதினார். மற்றவர் எழுதியிருந்தால் அந்த எழுத்தையே சந்தேகப்பட்டிருப்பார்.

மூன்று கிழமை ஆகவில்லை, மச்சான் எனக்குத் தொலைபேசியில் கத்தினார். காசநோய் என்று பதிவானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. அவர் சீருடையோடு வந்து இறங்கியது பகல் சாப்பாட்டு நேரத்தில்.

"ரிஸ்வி, ஒனக்கு மூள ஈக்கா? எண்ட கட சாப்பாட்டுக் கட! பி.எச்.ஐ. மாத்தயா வந்து டிபி பேஷன்ட் எங்கண்டு கேக்கிறார், கட நெறைய ஆக்கள் ஈக்கிற நேரம். ரெண்டு பேர் பாதிச் சோத்துல எழும்பிப் போய்ட்டாங்க. அப்பிடி ஒராள் இங்க இல்லண்டு செல்லி அனுப்பிட்டேன். இனி அந்தப் பொம்புளட பேருல ஒரு துண்டுக் கடதாசி வந்தாலும் எடுக்க மாட்டேன். செல்லிட்டேன், ஆமா!"

மச்சானை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அந்தக் கடைதான் எல்லாம். நோய் எதில் வந்தது என்று ஊர் கேட்காது, கடையைத்தான் கேட்கும். முதுகெலும்புக்குள் இருக்கும் டிபி சோற்றில் ஒட்டாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கத்தி முடித்துத் தொலைபேசியை வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு நேரில் போய் ஆறுதலாகப் பேசலாமென்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு நல்ல மழை.

இடையில் மார்பு நோய் கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸிடம் விலாசத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மிஸ் ஒவ்வொரு கிழமையும் தவறாமல் மாத்திரைக்கு வருகிறவர் என்பதால் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. மிஸ் என்னிடம் வந்து கேட்டார். "தம்பி, ஒங்க ராத்தா வீட்டுக்கு யாரோ தேடிப் போனாங்களாமே. அவங்களுக்கு ஒண்ணும் கரச்சல் இல்லையே?"

"ஒண்ணுமில்ல மிஸ். மச்சான் சமாளிச்சிட்டார். கடிதம் வந்தா ராத்தா எடுத்து வைப்பா."

இதுதான் முதல் பொய். என் வீடு மாதிரி என்று பெருமையடித்த வாயால், அங்கே உங்களை வேண்டாமென்கிறார்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. ஒரு மனுசியின் முதுகெலும்பைவிட என் வெட்கம் பெரிதாய்ப் போய்விட்டது. தூ!

பிறகு மிஸ் விடுமுறையில் போனார். நெடுநேரம் நிற்க முடியாமல் போனது. இரண்டு நாளுக்கு ஒரு தரம் நான் தொலைபேசியில் கேட்பேன். கடிதம் வந்ததா என்று அவர் கேட்பார். நான் இல்லை என்பேன். "சரி, வராம எங்க போகப்போகுது?" என்பார். இருபது வருடமாக ஊருக்குச் சொன்ன பதிலை அவர் தானும் நம்பினார். கண்டிக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வரலாமே என்று ஒரு நாள் சொன்னேன். அதற்கு அவர் சொன்னது நினைவிருக்கிறது. "வேணாம் தம்பி. அவங்க ஒழுங்குப்படிதான் கூப்பிடுவாங்க. கவுண்டர்ல எடையில நுழையிறவங்கள நான் எத்தன பேரத் திட்டியிருக்கேன்! நானே போய் நுழையவா?"

ஒரு நாள் காலை பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். "கேளுங்க தம்பி கூத்த. வீட்டு முத்தத்துல நடந்து வந்துட்டேன், ஒரு கால்ல செருப்பில்ல. கழண்டு விழுந்தது எனக்குத் தெரியவே இல்ல." எனக்கும் விளங்கவில்லை, அவருக்கும் விளங்கவில்லை. காலில் பலம் குறைந்தால் அன்றைக்கே வா என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரையின் களைப்பு என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துகொண்டோம். நான்காம் நாள் குளியலறைக்குப் போக எழும்பியவர் அப்படியே தரையில் இருந்துவிட்டார். கால்கள் இரண்டும் அவருடையதாக இல்லை.

அம்புலன்சில் கண்டிக்குப் போனோம். கல்யாணி அழுதுகொண்டு வந்தாள், அவளுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. டாக்டர் மிஸ்ஸின் காலை ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார், குரலை உயர்த்தாமல். "அம்மா, ஐந்து கிழமைக்கு முன் உங்களுக்குத் திகதி கொடுத்தோம். ஏன் வரவில்லை? கடிதம் திரும்பி வந்தது. அந்த விலாசத்தில் அப்படி ஒரு ஆளே இல்லை என்று வந்தது." மிஸ் தள்ளுவண்டியில் படுத்தபடி தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஒரு அறிவித்தலை வாசித்துக்கொண்டு நின்றேன்.

அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள். காலையில் உள்ளே கொண்டுபோனவரைப் பின்னேரம்தான் வெளியே கொண்டுவந்தார்கள். டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் சொன்னபடியே செய்தார். சீழ் வந்தது, அழுகின எலும்பு வந்தது, விலா எலும்புத் துண்டு போய் உட்கார்ந்தது, கம்பி பூட்டப்பட்டது. முதுகு நிமிர்ந்தது. வலியும் போனது. கால் மட்டும் வரவில்லை. நரம்பு அதிக நாள் நெருக்குப்பட்டிருந்தது என்றார் டாக்டர். முந்தியே வந்திருந்தால் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார் என்று அவர் கல்யாணியிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். வருடம் முழுக்க மாத்திரை எடுத்தார். டிபி முற்றாகச் சுகமாகிவிட்டது. இதை எழுதுவது முக்கியம். அவரைக் கொன்றது டிபி அல்ல, தாமதம். சிறுநீர் தானாகப் போகாமல் குழாய் போட்டு, அதில் கிருமி ஏறி ஏறி, ஒன்பதாம் வருடம் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன.

கல்யாணியின் கல்யாணம் சொன்ன திகதியில் நடந்தது. அக்கா படியில் விழுந்துவிட்டாள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொன்னார்கள். படியில் விழுந்த முதுகுக்கு ஏன் வருடக்கணக்கில் மாத்திரை என்று அவர்களும் கேட்கவில்லை. மண்டபத்தில் சக்கர நாற்காலி வேண்டாமென்று யாரோ ஒரு பெரியவர் சொன்னாராம். யாருக்காக விலாசத்தை மாற்றினாரோ அந்தத் தங்கையின் தாலிகட்டை மிஸ் பார்க்கவில்லை. நான் பந்தியில் இருந்து சாப்பிட்டேன்.

மருத்துவச் சபை அவரை ஓய்வில் அனுப்பிய பிறகு, மாதம் ஒரு தரம் ஆட்டோ பிடித்து மார்பு நோய் நிலையத்துக்குப் போவார். மருந்துக்கல்ல, அது முடிந்துவிட்டது. பெயர் பதியும் யன்னலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருப்பார். விலாசம் கேட்கும்போது தடுமாறுகிறவர்களை அவருக்குத் தெரியும். ஒரு தரம் நான் கூடப் போயிருந்தேன். கலேவெலப் பக்கத்துப் பெண் ஒருத்தி விலாசம் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வேறொன்றைச் சொன்னாள்.

"ஏம்மா, அது ஒன் வீடா?" என்றார் மிஸ்.

"ஆமாங்க" என்றாள் அந்தப் பெண்.

"பொய் சொல்லாத. சொந்த வீட்டுக்கு யாரும் யோசிச்சு வெலாசம் சொல்ல மாட்டாங்க. உள்ள வீட்ட எழுது."

"நீங்க யாருங்க அதக் கேக்க?"

மிஸ் மடியில் கிடந்த சால்வையை விலக்கி, குச்சிபோல் மெலிந்த கால்களைக் காட்டினார். "நான் வேற வீட்ட எழுதினவ."

அந்தப் பெண் எழுதிய விலாசத்தை வெட்டிவிட்டு வேறு எழுதினாள். வீட்டுக்கு வரும் வழியில் நான் ஏதோ பாராட்டிப் பேசினேன். மிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா இருங்க தம்பி. என் கால் போனது இந்த ஊருக்குப் பாடஞ் சொல்லிக் குடுக்கவா? எனக்கு நடக்கணும். அவ்வளவுதான்." இப்போது அவரைத் தியாகி என்றும் பொறுமையின் வடிவம் என்றும் எழுதுகிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அவர் பொறுமையாக இருக்கவில்லை. ஒன்பது வருடமும் ஆத்திரத்தோடுதான் இருந்தார். அது அவருடைய உரிமை.

இரண்டாவது பொய்க்கு வருகிறேன். சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடமிருக்கும். அவர் வீட்டில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தது. பேச்சோடு பேச்சாகக் கேட்டார். "தம்பி, நான் லீவு போட்டு மூணாங் கெழம. அந்தப் புதன்கெழம என் மேசையில யாரு இருந்தாங்க?"

விடுமுறைக்குப் போகும்போது அவர் மேசையை என்னிடம்தான் கொடுத்தார்கள். நாலந்தாப் பை எங்களைத் தாண்டித்தான் கண்டிக்குப் போகும். திரும்பின கடிதம் அந்த மேசைக்கு வராமல் வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் 'திரும்பி வந்தது' என்ற சொல்லைச் சொன்ன அன்றிலிருந்து எனக்கு இது தெரியும். ஆனால் நான் உண்மையில் அந்த உறையைப் பார்த்த ஞாபகமில்லை. கட்டுக்கட்டாக வரும், குத்தி அனுப்பியிருப்பேன். வேறு யாராவது குத்தியிருக்கவும் கூடும் என்று மனதுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

"நான் அந்தக் கெழம முழுக்க கவுண்டர்ல மிஸ். மேசையில யாருண்டு ஞாபகமில்ல" என்றேன்.

"சரி" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "தேத்தண்ணி ஆறிப்போச்சு, இன்னொண்ணு ஊத்தச் சொல்லவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எட்டு வருடம் நான் போய்வந்தேன். அந்தப் புதன்கிழமையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. அது புதன்கிழமை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மரண வீட்டுக்கு மச்சானும் வந்திருந்தார். கடையை அரைநாள் பூட்டிவிட்டு நாலந்தாவிலிருந்து பஸ்ஸில் வந்து, பந்தலின் கடைசியில் நின்றார். என் பக்கம் திரும்பவில்லை. போகும்போது, ராத்தா சொல்லச் சொன்னாளென்று ஒரு சொல் மட்டும் சொன்னார். "அண்டைக்கு அவள் கடிதத்த எடுக்கப் போனாள். நான்தான் விடல்ல." அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்பது வருடம் போதவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது கல்யாணி ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து தந்தாள். "அக்காட லாச்சியில இருந்திச்சு அண்ணா. மேல 'ரிஸ்வி தம்பிக்கு'ன்னு எழுதியிருக்கு. என்னான்னு நாங்க பாக்கல." உள்ளே ஒரு மண்ணிற உறை. பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் லோகா மிஸ்ஸின் பெயர், கீழே நாலந்தா விலாசம். பெயரில் ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. குறுக்கே சிவப்பில் சிங்களத்தில், 'அப்படி ஒருவர் இல்லை.' மூலையில் துளை போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கோப்பிலிருந்து எடுத்து, வீட்டுக்கு அனுப்பும்போது மற்றக் கடதாசிகளோடு அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். ஆக, அவர் என்னிடம் கேட்ட அன்றைக்கு இது அவர் லாச்சியில் இருந்தது.

பின்பக்கத்தைத் திருப்பினேன். எங்கள் தபாலகத்து முத்திரை, அந்தப் புதன்கிழமைத் திகதியோடு, சரியாக, நேராக விழுந்திருந்தது. அதன் ஓரத்தில் என் கையெழுத்து.

நான் சொல்வது பொய் என்று தெரிந்துதான் அன்றைக்கு இன்னொரு கோப்பை ஊற்றச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார். அவர் பெயர் எழுதிய உறை என் கைக்குள் வந்திருக்கிறது. அவர் கால் போக இன்னும் நான்கு கிழமையாவது மிச்சமிருந்தது. திருப்பிப் பார்த்திருந்தால், ஒரு ஆட்டோவைப் பிடித்திருந்தால், கால் மணி நேரத்தில் அவர் கையில் கொடுத்திருக்கலாம். அந்த மேசையில் அவர் இருந்திருந்தால் யாருடைய கடிதமாயிருந்தாலும் நின்று பார்த்திருப்பார். அவருடைய கடிதம் வந்த கிழமையில் மட்டும் அவர் அங்கே இல்லை, நான் இருந்தேன். கடிதம் வரத்தான் செய்தது. பார்க்க ஆளில்லாமல் போனது.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த உறை ஒன்றுதான். உள்ளே கடிதம் அப்படியே இருக்கிறது, திகதியும் நேரமும் வார்ட் இலக்கமும் போட்டு, வெறும் வயிற்றோடு வரவும் என்று. மறந்துவிட்டேன் என்று இனி யாரிடமும் சொல்ல முடியாதபடி அதை என் மேசை லாச்சியில் மேலாக வைத்திருக்கிறேன். கல்யாணி இந்தப் பக்கங்களை மலரில் போடமாட்டாள், தெரியும். போடாவிட்டாலும் போகட்டும். கேட்ட கேள்விக்குப் பதிலை, கேட்டவர் இல்லாத நேரத்தில், கையெழுத்துப் போட்டே எழுதுகிறேன்.

மிஸ், அந்தப் புதன்கிழமை உங்கள் மேசையில் இருந்தது நான்தான்.

ரிஸ்வி